பதகளிப்பும் அதனைத் தணிக்கும் நடத்தைச் சிகிச்சை முறைகளும்



சுகாதாரமும் உடற்கல்வியும் பாடத்தில் உள ஆரோக்கியம் பற்றிக் கற்கின்றீர்கள். இப்பகுதியை மனனம் செய்து விடை எழுதினால் மட்டும் போதாது. ஏனெனில் இதிற் கூறப்படும் விடயம் பரீட்சை மண்டபத்திற்குள்ளும் உங்களோடு கூடவே வரக்கூடியது. வினாத்தாளைக் கையில் வாங்கியதும் படித்த யாவும் மறந்து, கைகள் நடுங்க அமர்ந்திருக்கும் மாணவர்களை நீங்கள் கண்டிருப்பீர்கள். ஒக்டோபர் மழை தொடங்கியதும் லயன் அறையின் கூரைத் தகரத்தில் விழும் ஓசையைக் கேட்டபடி விடியும்வரை விழித்திருப்பவர்களும் பதுளை, பசறை, ஹல்துமுல்லை, கொஸ்லாந்தைப் பகுதித் தோட்டங்களில் உள்ளனர். இவ்விரண்டு நிலைகளையும் விளங்கிக்கொள்ள ஒரே அடிப்படை அறிவு போதுமானது. அதனை இங்கு படிப்படியாக நோக்குவோம்.

1. பதகளிப்பு என்றால் என்ன?

கண்முன்னே ஆபத்து நிற்கும்போது எழுவது பயம். ஆபத்து வரக்கூடும் என்ற எதிர்பார்ப்பினால் எழுவது பதகளிப்பு. பேச்சுவழக்கில் இதனைப் பதற்றம், படபடப்பு என்கின்றோம். கொழுந்து பறிக்கும் மலையில் குளவிக்கூடு கலைந்து குளவிகள் சூழ்ந்து வரும்போது ஏற்படுவது பயம். நாளை அந்த மலைக்குப் போகவேண்டுமே என இன்றிரவே நெஞ்சு அடித்துக்கொள்வது பதகளிப்பு.

பதகளிப்பு மூன்று வழிகளில் வெளிப்படும்.

(அ) உடலில்: இதயத் துடிப்பு அதிகரித்தல், மூச்சு வாங்குதல், வியர்த்தல், வாய் உலர்தல், கை நடுங்குதல், வயிற்றைப் புரட்டுதல், அடிக்கடி சிறுநீர் கழிக்கத் தோன்றுதல்.

(ஆ) எண்ணத்தில்: “நான் கட்டாயம் பெயில்”, “எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள்” என ஒரே எண்ணம் திரும்பத் திரும்ப வருதல், கவனம் சிதறுதல்.

(இ) நடத்தையில்: பயப்படும் இடத்தையோ செயலையோ தவிர்த்தல். “அம்மா, வயிறு வலிக்குது, இன்னைக்கு ஸ்கூலுக்குப் போகல” என்று பரீட்சை நாட்களில் மட்டும் கூறும் பிள்ளை பொய் சொல்கிறது என முடிவுகட்டக் கூடாது. வலி உண்மையாகவே இருக்கலாம்.

உடலில் நிகழ்வது என்ன? மூளை ஆபத்தை உணர்ந்ததும் பரிவு நரம்புத்தொகுதி தூண்டப்படுகின்றது. அதிரீனற் சுரப்பிகள் அதிரினலின் ஓமோனைச் சுரக்கின்றன. இதயம் விரைவாகத் துடித்துத் தசைகளுக்கு அதிக குருதியை அனுப்புகின்றது. உணவு சமிபாடு மந்தமாகின்றது. இவை யாவும் எதிர்த்து நிற்க அல்லது தப்பி ஓட உடலைத் தயார்செய்யும் மாற்றங்கள். குளவி துரத்தும்போது இது உயிரைக் காக்கும். கணித வினாத்தாளின் முன் ஓடவும் முடியாது, எதிர்க்கவும் முடியாது. அதனாலேயே அதே மாற்றங்கள் அங்கு இடையூறாகின்றன.

எனினும் பதகளிப்பு முற்றாக இல்லாமற் போவதும் நன்றன்று. சிறிதளவு உந்துதல் செயற்றிறனைக் கூட்டும் எனவும், எல்லை மீறினால் கடினமான வேலைகளில் அது செயற்றிறனைக் குறைக்கும் எனவும் விளக்குவதற்கு, யேர்க்ஸ், டொட்சன் ஆகிய இருவரும் 1908 இல் வெளியிட்ட ஆய்வு இன்றும் எடுத்துக்காட்டப்படுகின்றது. அளவான பதற்றம் உங்களைப் படிக்க வைக்கும். அளவுமீறிய பதற்றம் படித்ததை எழுதவிடாது.

2. தேவையான பயமும் தேவைக்கு மீறிய பயமும்

இப்பாடத்தில் மாணவர் பலர் தவறவிடும் இடம் இதுவாகும். ஆகவே எமது மாகாணத்தில் நடந்த ஒன்றைக் கொண்டே விளக்குவோம்.

2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலை, கொஸ்லாந்தைக்கு அருகிலுள்ள மீரியபெத்தைத் தோட்டத்தில் பெரும் மண்சரிவு ஏற்பட்டது. லயன் வரிசைகள் மண்ணுள் புதைந்தன. பலர் உயிரிழந்தனர், சிலரது உடல்கள் மீட்கப்படவேயில்லை. அவ்வேளை பாடசாலைக்குச் சென்றிருந்த பிள்ளைகள் உயிர்தப்பினர். அப்பகுதி ஆபத்தானது என முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தும் மக்கள் அங்கிருந்து குடியகர்த்தப்பட்டிருக்கவில்லை. 2023 மார்ச்சில் பூனாகலை, கபரகலையில் மண்சரிவினால் லயன் வீடுகள் சேதமடைந்தன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி கொண்டுவந்த பெருமழையின்போது பதுளை மாவட்டத்தின் பல இடங்களில் மண்சரிவுகள் ஏற்பட்டு உயிர்கள் பறிபோயின.

இத்தகைய மலைச்சரிவில் வாழும் ஒருவர் கடும் மழைக்கு அஞ்சுவது நோயா? இல்லை. அது தேவையான பயம். அப்பயமே அவரை வெளியேறச் செய்து உயிர்காக்கும். அவருக்குத் தேவை சிகிச்சையன்று. பாதுகாப்பான நிலத்தில் ஒரு வீடு.

ஆனால் அதே மனிதர் பாதுகாப்பான இடத்திற் குடியேறிய பின்னரும், சிறு தூறல் விழுந்தாலே உறங்க முடியாமல், வேலைக்கோ பாடசாலைக்கோ செல்ல முடியாமல் தவித்தால் அது தேவைக்கு மீறிய பயம். பின்வரும் மூன்று வினாக்களால் இரண்டையும் வேறுபடுத்தலாம்.

• ஆபத்து இப்போது உண்மையாக உள்ளதா?
• பயத்தின் அளவு ஆபத்தின் அளவுக்குப் பொருந்துகின்றதா?
• அது படிப்பு, உறக்கம், உறவு, தொழில் ஆகியவற்றை நீண்ட நாட்களாகக் குழப்புகின்றதா?

நடத்தைச் சிகிச்சை நீக்க முயல்வது தேவைக்கு மீறிய பயத்தையே.

3. பயம் கற்கப்படும் விதம்

ரஷ்ய உடற்றொழிலியலாளர் இவான் பவ்லோவ், நாய்க்கு உணவு கொடுக்கும்போதெல்லாம் ஓர் ஓசையையும் சேர்த்து எழுப்பினால், நாளடைவில் ஓசை கேட்ட மாத்திரத்திலேயே அதன் வாயில் உமிழ்நீர் சுரப்பதைக் காட்டினார். இது பண்டைய நிபந்தனைப்படுத்தல் எனப்படும்.

1920 இல் அமெரிக்காவில் ஜோன் வொட்சன், ரோசலி ரெய்னர் ஆகியோர் பயமும் இவ்வாறு கற்கப்படலாம் எனக் காட்டினர். ஒரு வயதும் நிரம்பாத ஒரு குழந்தை வெள்ளெலியைத் தொட்டபோதெல்லாம் பின்னால் இரும்புத் தண்டில் அடித்துப் பேரோசை எழுப்பினர். ஓசையினால் அஞ்சிய குழந்தை, பின்னர் எலியைக் கண்டாலே அழத் தொடங்கியது. முயல் போன்ற உரோமமுள்ள பிறவற்றுக்கும் அப்பயம் பரவியது. ஒரு குழந்தையை இவ்வாறு வருத்துவது இன்றைய ஒழுக்க நெறிகளின்படி அனுமதிக்கப்படாத செயல் என்பதையும் குறித்துக்கொள்க.

இதனை எமது சூழலுக்குப் பொருத்திப் பார்ப்போம். மண்சரிவு இயல்பாகவே பயத்தைத் தரும் தூண்டல். மழையோசை முன்பு சாதாரணமானது. இரண்டும் ஒருசேர நிகழ்ந்தபின் மழையோசை மட்டுமே பயத்தைத் தூண்டலாம். பின்னர் இடியோசை, லொறியின் உறுமல் என வேறு ஓசைகளுக்கும் அது பரவலாம். அவ்வாறே, கரும்பலகையில் கணக்கைப் பிழையாகச் செய்து வகுப்பின் சிரிப்புக்கு ஆளான மாணவனுக்குக் கணிதப் புத்தகமே பயத்தின் தூண்டலாகிவிடலாம்.

பயம் ஏன் தானாக மறைவதில்லை? இதற்குக் காரணம் தவிர்ப்பு நடத்தையாகும். கணித பாட நாளில் வீட்டில் நின்றுவிட்டால் உடனே நிம்மதி கிடைக்கின்றது. அந்த நிம்மதி ஒரு பரிசுபோல் செயற்பட்டு, அடுத்த முறையும் தவிர்க்கத் தூண்டுகின்றது. இதனை எதிர்மறை மீளவலியுறுத்தல் என்பர். தவிர்க்கும் ஒவ்வொரு தடவையும், “போயிருந்தாலும் ஒன்றும் ஆகியிராது” என்பதை அறியும் வாய்ப்பு இழக்கப்படுகின்றது. ஆகவே தவிர்ப்பு பயத்திற்கு உரமிடுகின்றது.

4. கற்ற பயத்தை வெல்லக் கற்றல்

1924 இல் மேரி கவர் ஜோன்ஸ் என்னும் அமெரிக்கப் பெண்மணி, முயலுக்குப் பெரிதும் அஞ்சிய பீற்றர் என்ற சிறுவனைப் பற்றி எழுதினார். சிறுவன் விருப்பமான உணவை உண்ணும் வேளையில், கூட்டிலிருந்த முயலைத் தூரத்தில் வைத்தார். நாளடைவில் சிறிது சிறிதாக அருகே கொண்டுவந்தார். முயலுக்கு அஞ்சாத பிள்ளைகளையும் அவன் முன்னிலையில் விளையாடவிட்டார். இறுதியில் பீற்றர் முயலைத் தானே தடவி விளையாடினான்.

தென்னாபிரிக்க வைத்தியர் ஜோசப் வோல்பே, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் போரினால் மனம் பாதிக்கப்பட்ட படைவீரர்களுக்குச் சிகிச்சையளித்தவர். மருந்தினால் மட்டும் போதிய பயன் கிடைக்காமை கண்டு வேறு வழி தேடினார். தசைகள் தளர்ந்து அமைதியாக இருக்கும் நிலையும் பதகளிப்பும் ஒரே வேளையில் இணைந்திருக்க முடியாது என்பது அவர் கருத்து. 1958 இல் வெளியான தமது நூலில் படிமுறைக் கூருணர்வு நீக்கம் என்னும் முறையை விளக்கினார். நடத்தைச் சிகிச்சையின் அடித்தளங்களில் ஒன்றாக அது அமைந்தது.

5. நடத்தைச் சிகிச்சையின் முக்கிய நுட்பங்கள்

5.1 ஆறுதலான மூச்சு

நிமிர்ந்து அமர்ந்து ஒரு கையை வயிற்றில் வையுங்கள். மூக்கினால் நான்கு எண்ணும்வரை மூச்சை உள்ளெடுங்கள். வயிறு உயர வேண்டும். ஆறு எண்ணும்வரை மெதுவாக வெளிவிடுங்கள். ஐந்து நிமிடம் தொடருங்கள். வெளிமூச்சு நீள்வதால் இதயத் துடிப்பு தணிகின்றது. பரீட்சை நாளன்று முதன்முறையாக இதனைச் செய்து பார்ப்பதிற் பயனில்லை. இரண்டு மூன்று வாரங்களாவது நாளாந்தம் பழகியிருக்க வேண்டும்.

5.2 படிப்படியான தசைத் தளர்வு

அமெரிக்க வைத்தியர் எட்மண்ட் ஜேக்கப்சன் உருவாக்கிய இம்முறை 1929 இல் நூலாக வெளிவந்தது. கை முட்டியை ஐந்து முதல் ஏழு செக்கன் வரை இறுகப் பொத்துங்கள். பின்பு சட்டென விட்டு, இருபது செக்கனளவில் தளர்ந்த நிலையைக் கவனியுங்கள். இவ்வாறே புயம், தோள், நெற்றி, தாடை, வயிறு, தொடை, பாதம் என ஒவ்வொன்றாகச் செய்யுங்கள். இறுக்கத்திற்கும் தளர்வுக்கும் உள்ள வேறுபாட்டை உடல் அறிந்துகொள்வதே இதன் நோக்கம். ஒரே அறையில் ஐந்தாறு பேர் வாழும் லயன் வீட்டிலும் பாயில் படுத்தபடியே இதனைச் செய்யலாம்.

5.3 பயப்படிநிரை

பயத்தை ஒரே பெரிய மலையாகப் பார்க்காமல் ஏறக்கூடிய படிகளாகப் பிரிப்பதே இந்நுட்பம். 0 என்பது முழு அமைதி. 100 என்பது தாங்கமுடியாத பயம் எனக் கொண்டு ஒவ்வொரு படிக்கும் புள்ளியிட வேண்டும். கணிதத்திற்கு அஞ்சும் மாணவி ஒருத்தியின் படிநிரை இவ்வாறு அமையலாம்.

10 – கணிதப் புத்தகத்தைத் திறந்து வைத்தல்
20 – தெரிந்த ஐந்து கணக்குகளைச் செய்தல்
30 – கடந்தகால வினாத்தாளிற் சில வினாக்களை நேரம் பார்க்காது செய்தல்
45 – அதே வினாக்களைக் கடிகாரம் வைத்துச் செய்தல்
55 – விளங்காத ஒன்றை வகுப்பில் எழுந்து ஆசிரியரிடம் கேட்டல்
70 – கரும்பலகையில் ஒரு கணக்கைச் செய்தல்
80 – பத்திரம் I ஐ இரண்டு மணித்தியாலத்தில் ஒரே இருப்பில் எழுதுதல்
90 – பரீட்சை நிலையமாக அமையும் நகரப் பாடசாலைக்குச் சென்று பார்த்தல்
100 – பரீட்சை மண்டபத்தில் எழுதுதல்

5.4 படிமுறைக் கூருணர்வு நீக்கம்

முதலில் தசைகளைத் தளர்த்தி அமைதியடைய வேண்டும். பின்பு கீழ்ப்படியை மனக்கண்ணில் காணவேண்டும். பதற்றம் கூடினால் கற்பனையை நிறுத்தி மீண்டும் தளர்வுக்குத் திரும்ப வேண்டும். அப்படியைப் பதற்றமின்றிக் கற்பனை செய்ய முடிந்த பின்னரே அடுத்த படிக்குச் செல்ல வேண்டும். இது வோல்பேயின் முறை.

5.5 நேர்முகங்கொடுத்தல்

கற்பனையில் அன்றி, அஞ்சும் நிலையை நேரிலேயே படிப்படியாகச் சந்தித்தல் இதுவாகும். பதகளிப்பு நோய்களுக்கான உளச் சிகிச்சைகளில் இன்று மிகுந்த பயன் தருவதாகக் கருதப்படும் முறைகளில் இது முதன்மையானது. இதில் நான்கு விதிகள் உள்ளன.

• விருப்பத்தோடு செய்ய வேண்டும். பிறர் வலிந்து தள்ளக் கூடாது.
• பயம் உச்சத்தில் இருக்கும்போது ஓடிவிடக் கூடாது. சற்று நின்றால் அது தானே இறங்குவதை அறியலாம்.
• ஒரே படியைப் பலமுறை செய்ய வேண்டும்.
• “என்ன நடக்கும் என்று அஞ்சினேன்? உண்மையில் என்ன நடந்தது?” என ஒவ்வொரு முறையும் எழுதிவைக்க வேண்டும்.

பழைய பயம் முற்றாக அழிந்துவிடுவதில்லை. “இது பாதுகாப்பானதே” என்னும் புதிய கற்றல் அதன்மேல் வளர்கின்றது. எனவே நீண்ட விடுமுறைக்குப் பின் பயம் மீண்டும் தலைகாட்டலாம். அது தோல்வியன்று, சில படிகள் கீழிறங்கி மறுபடியும் ஏறினாற் போதும்.

5.6 மாதிரியைப் பின்பற்றலும் மீளவலியுறுத்தலும்

பிறர் செய்வதைப் பார்த்தே பலவற்றைக் கற்கின்றோம் என அல்பேர்ட் பண்டூரா விளக்கினார். காலைக் கூட்டத்தில் பேச அஞ்சும் மாணவன், தன்னைப் போன்றே அஞ்சி, பின் பேசப் பழகிய நண்பனைப் பார்ப்பது பயன்தரும். ஒரு படியை முடித்ததும் தன்னைத்தானே பாராட்டுவதும், ஆசிரியரும் பெற்றோரும் ஒரு நல்ல வார்த்தை சொல்வதும் முயற்சியை வலுப்படுத்தும்.

5.7 எண்ணத்தைச் சோதித்தல்

1960 களில் ஆரொன் பெக் வளர்த்த அறிகைச் சிகிச்சை பின்னர் நடத்தைச் சிகிச்சையுடன் இணைந்து அறிகை நடத்தைச் சிகிச்சை ஆகியது. “நான் கட்டாயம் பெயில்” என்ற எண்ணத்திற்குச் சான்று என்ன, எதிர்ச்சான்று என்ன என எழுதிப் பார்க்க வேண்டும். “சென்ற தவணையில் 28 எடுத்தேன், இத்தவணையில் 37, இன்னும் கேத்திர கணிதம் படிக்க வேண்டும்” என்பது உண்மைக்கு அண்மையான எண்ணம். வெறுமனே “எல்லாம் நல்லபடியாக நடக்கும்” எனச் சொல்லிக்கொள்வது இச்சிகிச்சையன்று.

6. மழைப் பயத்திற்கு இவற்றைப் பயன்படுத்தும் விதம்

மண்சரிவிற் சிக்கியவர்களும் உறவினரை இழந்தவர்களும் மனவடுவுக்கு உள்ளானவர்களாக இருக்கலாம். அவர்கள் இப்படிகளைத் தனியே முயலாமல், பயிற்சி பெற்ற ஒருவரின் துணையுடனேயே செய்ய வேண்டும்.

முதற்படி, ஆபத்தை அளந்தறிதல். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு முன்னெச்சரிக்கைகளை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று நிலைகளில் வெளியிடுகின்றது. மண்சரிவு அபாயமுள்ள இடங்களில் 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்தால் விழிப்பாயிருக்க வேண்டும். 100 ஐத் தாண்டினால் வெளியேறத் தயாராக வேண்டும். 150 ஐத் தாண்டினால் அல்லது ஒரு மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் வெளியேற வேண்டும். நிலத்திலும் சுவரிலும் வெடிப்பு, மரங்கள் சாய்தல், திடீரென ஊற்று தோன்றுதல், ஊற்றுநீர் சேறாதல் ஆகிய அறிகுறிகளைக் கண்டால் எந்த அளவுக்கும் காத்திராது உடனே வெளியேற வேண்டும். எப்போது வெளியேறுவது, எங்கே செல்வது, யார் பாட்டியைக் கூட்டிச் செல்வது என்பதைக் குடும்பமாக முன்னரே தீர்மானியுங்கள். தெளிவான திட்டம் இருக்கும் வீட்டில் இரவு முழுவதும் எல்லோரும் விழித்திருக்கத் தேவையில்லை.

அடுத்து, பாதுகாப்பான இடத்தில் வாழ்பவருக்கான படிநிரை. பகல் வேளையில் மழையோசையின் ஒலிப்பதிவை மெதுவாகக் கேட்டல், பின்பு சத்தத்தைக் கூட்டுதல், எச்சரிக்கை எதுவுமில்லாத நாளில் தூறலின்போது வாசலில் நிற்றல், மழையிற் குடையுடன் பாடசாலைக்குச் செல்லல், மழைபெய்யும் இரவில் வழமையான நேரத்திற் படுக்கைக்குச் செல்லல் எனச் செல்லலாம். எச்சரிக்கை விடுக்கப்பட்ட நாளில் இப்பயிற்சி செய்யப்படலாகாது. அன்று செய்ய வேண்டியது வெளியேறுவதே.

7. யாரிடம் உதவி பெறலாம்?

பிள்ளை பயந்துவிட்டால் விபூதி போட்டு நூல் கட்டும் வழக்கம் எம்மவரிடையே உண்டு. அது பெற்றோருக்கும் பிள்ளைக்கும் ஆறுதல் தரலாம். ஆனால் இரு வாரங்களுக்கு மேல் உறக்கமின்மை, பாடசாலைக்குச் செல்ல மறுத்தல், திடீர் மூச்சுத்திணறல், வாழப் பிடிக்கவில்லை என்ற எண்ணம் ஆகியன இருந்தால் ஆறுதலோடு நின்றுவிடக் கூடாது. வாழப் பிடிக்கவில்லை என்ற எண்ணம் தோன்றினால் இரு வாரங்கள் காத்திராது அன்றே ஒருவரிடம் சொல்லுங்கள்.

• பாடசாலையின் உளவளத்துணை ஆசிரியர் அல்லது நம்பிக்கைக்குரிய ஓர் ஆசிரியர்
• தோட்ட டிஸ்பென்சரி, குடும்பநல உத்தியோகத்தர்
• அருகிலுள்ள அரச வைத்தியசாலை, பதுளை பெரியாஸ்பத்திரியின் உளமருத்துவப் பிரிவு
• தேசிய மனநல நிறுவனத்தின் 1926 தொலைபேசிச் சேவை, தமிழிலும் பேசலாம்

உளமருத்துவரிடம் செல்வது “பைத்தியம்” என்பதற்கு அடையாளம் அல்ல. பல்வலிக்குப் பல் வைத்தியரிடம் செல்வதைப் போன்றதே அது.

8. நினைவிற் கொள்க

• பதகளிப்பு உடல், எண்ணம், நடத்தை ஆகிய மூன்றிலும் வெளிப்படும்.
• தேவையான பயம் காக்கும். தேவைக்கு மீறிய பயமே சிகிச்சைக்குரியது.
• பயம் நிபந்தனைப்படுத்தலாற் கற்கப்படுகின்றது, தவிர்ப்பினால் நிலைக்கின்றது.
• சிறு படிகளாக, விருப்பத்தோடு, பலமுறை முகங்கொடுத்தால் பயம் தணியும்.

பயிற்சி வினாக்கள்

1. பயம், பதகளிப்பு ஆகியவற்றை ஓர் உதாரணத்துடன் வேறுபடுத்துக.
2. தவிர்ப்பு நடத்தை பயத்தை வளர்ப்பது எவ்வாறு என விளக்குக.
3. காலைக் கூட்டத்திற் பேச அஞ்சும் மாணவனுக்கு ஆறு படிகள் கொண்ட பயப்படிநிரை ஒன்றைத் தயாரிக்குக.
4. மண்சரிவு அபாயமுள்ள லயனில் வாழும் ஒருவரின் மழைப் பயத்தைச் சிகிச்சையால் நீக்க முயல்வது பொருத்தமானதா? காரணம் தருக.

விடைக்குறிப்பு (வினா 4): பொருத்தமன்று. ஆபத்து உண்மையானது, பயம் அதற்குப் பொருந்துகின்றது, அப்பயமே உரிய வேளையில் வெளியேறச் செய்கின்றது. அவருக்கு முன்னெச்சரிக்கைத் தகவலும் வெளியேறும் திட்டமும் பாதுகாப்பான குடியிருப்பும் தேவை. அங்கு குடியேறிய பின்னரும் பயம் நீடித்து அன்றாட வாழ்வைக் குழப்பினால் நடத்தைச் சிகிச்சை பொருத்தமானதாகும்.

மாணவர்களே, மூன்றாம் வினாவுக்குரிய படிநிரையை எழுதி முடித்ததும், உங்களுக்கு எதில் பயம் அதிகமோ அதற்கும் ஒரு படிநிரை எழுதிப் பாருங்கள். அதன் முதலாவது படியை இந்த வாரமே தொடங்குங்கள்.